பெயரற்ற பொற்கொல்லனும் பெயர்பெற்ற மோசடிக்காரரும்

இடுக்கி மாவட்டத்துக் குமுளிக்கு அருகே, தமிழக எல்லையை ஒட்டிய மலைமுடியில் மங்கலதேவி கண்ணகி கோயில் அமைந்துள்ளது. ஆண்டுக்கொருமுறை சித்திரைப் பௌர்ணமியன்று தமிழரும் மலையாளியரும் அங்கே கூடுகின்றனர். கண்ணகியை இம்மலைநாட்டிற்குக் கொணர்ந்த துயரின் தொடக்கம் யாது? ஒரு பொருட்குற்றமே. அரசியின் சிலம்பைக் கவர்ந்த பொற்கொல்லன், தன் களவை மறைக்கக் கோவலன்மீது பழி சுமத்தினான்.

அப்பொற்கொல்லன் அறிவிலி அல்லன். கோவலனைக் கண்ட காவலர், "இவன் கள்வனாகத் தோன்றவில்லை" என்று தயங்கியபோது, கள்வர் துணைகொள்ளும் எட்டு வகை உபாயங்களை அவன் விரித்துரைத்து அவர்களை மயக்குகிறான். அவன் பேச்சாற்றலை இளங்கோவடிகள் மறைக்கவில்லை. ஆயினும் நாம் அதில் மயங்குவதில்லை. ஏன்? வெட்டுண்ணப் போகும் கோவலன் நம் கண்முன்னே நிற்கிறான்; மாதரியின் மனையில் கண்ணகி காத்திருக்கிறாள். கள்வனுக்கு அடிகள் ஒரு பெயரும் சூட்டவில்லை. காப்பியத்தின் ஒளி முழுதும் இழந்தவள்மீதே விழுகிறது.

இந்த அளவுகோலைக் கொண்டு இக்காலத் திரைப்படங்கள் சிலவற்றை நோக்குவோம். கொழிஞ்சாம்பாறையிலும் மூணாற்றிலும் வாழும் நாம் இருமொழிப் படங்களையும் காணும் பேறு பெற்றவர்கள் அல்லவா?

2014இல் வெளிவந்த 'சதுரங்க வேட்டை'யின் தலைவன் காந்தி பாபு, மண்ணுளிப் பாம்பையும் இரிடியத்தையும் காட்டி ஏமாற்றுகிறான். பின்னர் அவன் திருந்துவது உண்மையே. ஆனால் இளைஞர் நாவில் நிலைத்தவை அவன் ஏமாற்றும்போது பேசிய உரையாடல்களே. ஏமாந்தவன் பேராசைக்காரன், ஆகவே அவன் இழந்தது தகும் என்பது அவற்றின் சாரம். இப்படத்திற்கு இரண்டாண்டுகள் முன்னர்தான், 2012இல், பெருந்துறையைத் தலைமையிடமாகக் கொண்ட ஈமுக் கோழிப் பண்ணைத் திட்டம் முறிந்து, கொங்கு நாட்டு உழவர் பலர் சேமிப்பை இழந்தனர்.

தேவிகுளம் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்து ஓய்வுபெற்ற அம்மையார் ஒருவர், புகார் மனு எழுதித் தரும்படி ஒருமுறை நம்மிடம் வந்தார். பணிக்கொடை முழுவதையும் ஒரு தனியார் நிதி நிறுவனத்தில் இட்டு இழந்தவர் அவர். மனுவில் கைநாட்டு வைத்துவிட்டு அவர் கேட்டார்: "நான் என்ன பேராசையா பட்டேன், சார்? பேங்கைவிடக் கொஞ்சம் கூட வருமேன்னுதானே போட்டேன்?" மத்திய அரசு அலுவலகத்தில் இத்தனை ஆண்டுகள் கோப்பெழுதிய நமக்கு அக்கேள்விக்கு விடையெழுதத் தெரியவில்லை.

அடுத்து, 2021இல் வெளிவந்த 'குருப்'. 1984 ஜனவரியில், தான் இறந்துவிட்டதாகக் காட்டிக் காப்பீட்டுப் பணம் பெறும்பொருட்டு, சுகுமார குருப்பும் கூட்டாளிகளும் சாக்கோ என்பவரைக் காரில் ஏற்றிக் கொன்று, மாவேலிக்கரை அருகே காரோடு எரித்தனர். குருப் இன்றளவும் பிடிபடவில்லை. சாக்கோ யார்? திரைப்பட நிறுவனத்தின் பிரதிநிதியாகத் திரையரங்குகளுக்குச் சென்றுவந்த எளிய ஊழியர். திரைத்தொழிலை நம்பிப் பிழைத்த ஒருவரைக் கொன்றவனையே திரைப்படம் தன் தலைவனாக்கிக்கொண்டது! சாக்கோவின் சாயலில் அமைந்த சார்லியைப் படம் பரிவோடு காட்டுகிறது. அதனை மறுப்பது நேர்மையன்று. எனினும் தலைப்பும் எடுப்பான உடையும் முழங்கும் இசையும் கொலைஞனுக்கே உரியனவாயின. இதே குற்றத்தை நினைவூட்டும் கதையை அடூர் கோபாலகிருஷ்ணன் 2016இல் 'பின்னெயும்' என்று படமாக்கினார். அங்கே பேராசை ஒரு குடும்பத்தை அரித்தழிப்பதைக் காண்கிறோம்; எவனும் நாயகனாக எழுந்து நிற்பதில்லை.

2024இல் வந்த 'லக்கி பாஸ்கர்' நம் நெஞ்சை மிக அண்மையில் தொட்டது. கடனும் கைநழுவிய பதவி உயர்வும் வாட்டும் வங்கிக் காசாளன் அதன் தலைவன். எழுத்தராகிய நமக்கு அவன் துன்பம் புதிதன்று. அவன் வென்றபோது நாமும் கைதட்டினோம். வீடு திரும்பும் வழியில்தான் உறுத்தியது. அக்கதைக்குப் பின்னணி 1992இன் பங்குச் சந்தை மோசடி. அந்நாளில், கையில் கடன்பத்திரம் இல்லாமலேயே வங்கி ரசீதுகள் எழுதப்பட்டன. அவற்றால் திரட்டிய பணம் பங்குகளின் விலையை ஏற்றியது. உண்மை வெளிப்பட்டதும் விலை சரிந்தது. உச்ச விலையில் வாங்கிய சிறு சேமிப்பாளர் இழந்தனர். கராட் வங்கி மூடப்பட்டது. பாஸ்கரோ பணத்துடன் அமெரிக்கா செல்கிறான். அவன் கொண்டுசென்றது எவர் பணம் என்று படம் கேட்கவில்லை. அரங்கில் இருந்தவரை நாமும் கேட்கவில்லை.

கலை என்பது நீதிநூல் அன்று என்பார் உளர். நாமும் உடன்படுகிறோம். கள்வனின் திறமையைக் காட்டுவது குற்றமன்று, இளங்கோவடிகளே காட்டினார். இழந்தவரைக் காட்சியிலிருந்து அகற்றிவிட்டுத் திறமையை மட்டும் காட்டுவதே குற்றம். அகற்றிய பின்னர் மோசடி வெறும் விளையாட்டாகிவிடுகிறது. இரக்கமற்ற நெஞ்சம் துணிவு என்று பெயர் பெறுகிறது.

பொற்கொல்லனைத் தலைவனாக்கி ஒரு படம் எடுக்க இன்று எவரேனும் முன்வரக்கூடும். எடுக்கட்டும். அவன் பேசும்போது, திரையின் ஒரு மூலையிலேனும் ஒற்றைச் சிலம்போடு ஒருத்தி நிற்கட்டும். கைநாட்டு வைத்த அந்த அம்மையார்க்கு நாம் கேட்கும் இடம் அவ்வளவே.