கும்பயா: அர்த்தம் பறிக்கப்பட்ட ஒரு சொல்

சமீபத்தில் ஒரு கூட்டத்தில், சமரசம் பேசிய நண்பரை இன்னொருவர் மடக்கினார்: 'எல்லாரும் கைகோத்து கும்பயா பாடணும்ங்கிறீங்க, அவ்வளவுதானே?' சிரிப்பு. நானும் சிரித்தேன். அப்புறம்தான் உறைத்தது, இது எனக்குத் தெரிந்த பாட்டு. பள்ளிச் சாரணர் முகாமில், ஆற்று மணலில் தீ மூட்டிச் சுற்றி உட்கார்ந்து பாடியது. அர்த்தம் கேட்டதற்கு, 'ஆப்பிரிக்காப் பாட்டுடா, அர்த்தமெல்லாம் கிடையாது, கையைத் தட்டு' என்றார் சார்.

அர்த்தம் இருந்தது. ஜார்ஜியா, தென் கரோலினா கடலோரத்து நெல் வயல்களில் அடிமைகளாக உழைத்த ஆப்பிரிக்கர்களின் வழிவந்தோர் பேசும் குல்லா மொழியில், 'ஹியர்' என்ற ஆங்கிலச் சொல் 'யா' போல ஒலிக்கும். 'கம் பை யா': இந்தப் பக்கமா வா. துன்பப்படுகிறவர் அருகே கடவுளைக் கூப்பிடும் கருப்பினத்தோரின் ஜெபப்பாட்டு இது. 1926இல் ராபர்ட் வின்ஸ்லோ கோர்டன் ஜார்ஜியாக் கடற்கரையில் இதை மெழுகு உருளையில் பதிவு செய்தார். பாடியவர் பெயர் எச். வைலி. அந்த 'எச்' எதைக் குறிக்கிறது என்று கோர்டன் எழுதிவைக்கவில்லை.

முழுப்பெயரோடு வருகிறவர் வேறொருவர். மார்வின் ஃபிரே என்ற வெள்ளைப் போதகர் 1936இல் தானே இயற்றியதாகச் சொல்லி, 1939இல் அச்சிட்டுக் காப்புரிமையும் பெற்றார். அங்கோலாவிலிருந்து மிஷனரிகள் கொண்டுவந்த பாட்டு என்று இன்னொரு கதையும் உலவியது. கவனியுங்கள்: ஒரு கதையில் பாட்டு வெள்ளையருடையது, மற்றதில் தொலைதூர ஆப்பிரிக்காவுடையது. பக்கத்திலேயே வாழ்ந்த கருப்பின மக்கள் இரண்டிலும் இல்லை. 1957 கோடைக்காலத்தில் ஃபோக்ஸ்மித்ஸ் குழு முகாம் முகாமாகப் போய் இதைக் கற்பித்தது. 1962இல் ஜோன் பேயஸின் இசைத்தட்டில் வந்தது. உருளையோ காங்கிரஸ் நூலகத்தில் கிடந்தது. அதைக் கேட்டு ஸ்டீபன் வினிக் 2010இல் எழுதிய கட்டுரைதான் ஃபிரேயின் உரிமைகோரலை உடைத்தது.

'ஆசிரியன் இறந்துவிட்டான்' என்று பார்த்தைச் சொல்லி நாம் குதூகலித்திருக்கிறோம். ஆசிரியனாக இருக்கவே அனுமதிக்கப்படாதவன் எப்படிச் சாவான்? வைலியை ஆசிரியராக்கச் சொல்லவில்லை நான். அதே 1926இல் வட கரோலினாவிலும் இப்பாடல் எழுதிவைக்கப்பட்டிருக்கிறது. பல வாய்கள் புழங்கிய பாட்டு. தனி மூலம் தேடுவது வீண். ஆனால் மூலம் இல்லை என்பது வேறு, யாருடையதும் இல்லை என்பது வேறு. இரண்டாவதைச் சொன்ன இடத்தில்தான் காப்புரிமை நுழைந்தது.

நம் நாட்டார் பாடல் தொகுப்புகளை எடுத்துப் பாருங்கள். தொகுத்தவர் பெயர் அட்டையில் இருக்கும். நடவு வயலில் பாடிய கிழவி பெரும்பாலும் 'தகவலாளி'.

அறுபதுகளில் சிவில் உரிமைப் போராளிகளும் இதைப் பாடினார்கள். சிறையும் அடியும் எதிரே இருக்க, பக்கத்தில் வா என்று கூப்பிடுவது அசட்டுச் சமரசம் அல்ல. உதவி கேட்ட குரலைத் தாலாட்டாக்கியது முகாம். தாலாட்டைக் கேலியாக்கினோம் நாம். அன்று கூட்டத்தில் சிரித்தேனே, அந்தச் சிரிப்பைத்தான் இப்போது திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.