ஆளில்லாத செரங்கெட்டி

தான்சானியாவுக்கு சஃபாரி போனவங்க போட்டோக்களைப் பாருங்க. சிங்கம் இருக்கும், வரிக்குதிரை இருக்கும், மனுஷன் மட்டும் இருக்க மாட்டான். இந்தப் பார்வையை உலகம் முழுக்கப் பரப்பியதில் ஒரு படத்துக்குப் பெரிய பங்கு உண்டு: 'செரங்கெட்டி சாகக் கூடாது'. ஜெர்மன் விலங்கியலாளர் பெர்ன்ஹார்ட் கிர்சிமெக் 1959ல் தந்த ஆவணப்படம், ஆஸ்கர் வாங்கியது.

படமாக அது அசாத்தியம். அப்பாவும் மகனும் வரிக்குதிரைக் கோடு போட்ட குட்டி விமானத்தில் பறந்து விலங்குகளை எண்ணுகிறார்கள். பூங்காவின் எல்லையை மாற்ற பிரிட்டிஷ் நிர்வாகம் திட்டமிட்டிருந்த நேரம் அது. மந்தைகள் எந்தப் பக்கம் நகர்கின்றன என்று பார்க்காமல் கோடு போடாதீங்க என்பது இவர்கள் வாதம். முதல்ல டேட்டா, அப்புறம் முடிவு. என் தொழில்காரனுக்கு ரொம்பப் பிடித்த வாதம். 1959 ஜனவரியில் அதே விமானம் விழுந்து மகன் மிஹாயேல் இறந்துபோனார்.

என் பிரச்சினை வேற இடத்தில். தேசியப் பூங்காவுக்குள் யாருமே, உள்ளூர்க்காரர்கூட, வாழக் கூடாது என்பது கிர்சிமெக்கின் கொள்கை. அங்கேயோ மாசாய் மக்கள் தலைமுறைகளாக மாடு மேய்த்து வந்தார்கள். அதே 1959ல் அவர்கள் பூங்காவை விட்டு இங்கோரோங்கோரோ பக்கம் அனுப்பப்பட்டார்கள். படம்தான் அனுப்பியது என்று சொல்லவில்லை. ஆனால் அது நமக்குப் பழக்கிய கண்ணுக்கு, அந்த வெளியேற்றம் ஒரு இழப்பாகவே தெரியாது.

மந்தைக்கு வழி வேண்டும் என்று அவ்வளவு அழகாக வாதாடிய படம், மேய்ப்பனுக்கும் வழி உண்டு என்பதை யோசிக்கவில்லை. அடுத்த முறை அந்த ஆளில்லாத புல்வெளியைப் பார்த்தால், அது இயற்கையாகவே காலியா, காலி பண்ணப்பட்டதா என்று ஒரு நிமிஷம் கேட்டுப் பாருங்க.