பெயர் சொல்லி முடிவதில்லை

நம் விமர்சனத்தில் கலைச்சொற்கள் நற்சான்றுப் பத்திரங்களாகிவிட்டன. 'படிமம் செறிந்த கவிதை' என்றால் பாராட்டு. 'வெறும் ஓசை' என்றால் தள்ளுபடி. 1959இல் சி. சு. செல்லப்பா 'எழுத்து' தொடங்கிப் புதுக்கவிதைக்கு இடம் தந்த காலத்தில், படிமம் என்ற சொல் கவிதையைக் கூர்ந்து பார்க்கப் பழக்கியது. இப்போது அச்சொல்லைச் சொல்லிவிட்டால் பார்க்கும் சிரமம் மிச்சம் என்றாகிவிட்டது.

உத்தியின் பெயர் எவ்வளவு தூரம் உதவும் என்பதற்குத் திருவண்ணாமலையிலேயே சாட்சி இருக்கிறது. பதினைந்தாம் நூற்றாண்டு அருணகிரிநாதர் வாழ்வை வெறுத்துக் குதித்ததாக ஊர் சொல்லும் வல்லாள கோபுரம் இன்றும் நிற்கிறது. அவருடைய இரண்டு நூல்களை அருகருகே வைத்துப் பார்க்கலாம்.

கந்தரந்தாதி மடக்கில் அமைந்தது. ஒரே எழுத்துத் தொடர் நான்கடியிலும் திரும்ப வரும். பொருள் மட்டும் மாறும். 54ஆம் செய்யுளில் தகர வரிசை தவிர வேறெழுத்தே இல்லை. அதற்கு உரை சொல்ல முடியாமல் வில்லிபுத்தூரார் தோற்றார் என்பது வழங்கிவரும் கதை. கதை நடந்ததோ இல்லையோ, அதனுள் ஒரு விமர்சனம் இருக்கிறது: உரைகாரன் துணையின்றி அச்செய்யுள் பேசவில்லை. பிரித்துப் பொருள் கண்டபின் நம்மிடம் மிஞ்சுவது வியப்பு. அதைக் கவிதானுபவம் என்று சொல்ல எனக்கு மனமில்லை.

திருப்புகழின் உத்தி சந்தம். அதுவும் குறில், நெடில், வல்லினம், மெல்லினம் வரை கணக்கிட்ட கட்டுப்பாடுதான். ஆனால் அதன் சிறந்த பாடல்களில் உடலின் மோகமும் மூப்பின் அருவருப்பும் மரண பயமும் ஒரே ஓட்டத்தில் வாசகனின் மூச்சின்மேல் ஏறி வருகின்றன. ஓட்டம் முருகனிடம் வந்து நிற்கும்போது, வேண்டுதல் மூச்சுவாங்கலாகவே கேட்கிறது. எல்லாப் பாடலும் இப்படியல்ல; சந்தத்தை நிரப்பச் சொல் தேடிய இடங்களும் உண்டு. உத்தி ஒன்றே, பலன் வேறு. எனவே பெயர் மட்டும் தீர்ப்பாகாது.

ஓசையைத் தள்ளுபடி செய்வோர் தொல்காப்பியரை ஒருமுறை பார்க்கலாம். செய்யுளியலில் அவர் எண்ணும் 34 உறுப்புகளில் வண்ணமும் ஒன்று. அதை 20 வகையாகப் பிரிக்கிறார். அவருக்கு ஓசை மேலே பூட்டிய நகையல்ல, செய்யுளின் அங்கம்.

இதே சோதனை படிமத்துக்கும் பொருந்தும். 54ஆம் செய்யுளைப் போலவே தனித்து நின்று நம்மை வியக்கவைத்து, கவிதைக்குள் எதையும் அசைக்காத படிமங்கள் சிறுபத்திரிகைப் பக்கங்களில் நிறைய. இந்த உத்தியை எடுத்துவிட்டால் கவிதையில் எது நடக்காமல் போகும் என்று கேட்கும் இடத்தில்தான் விமர்சனம் தொடங்குகிறது. நான் எழுதிய மதிப்புரைகள் பலவற்றில் இதைக் கேட்கவில்லை. படிமம் என்று எழுதி, கீழே கோடிட்டதோடு சரி.