நாயகனை விட்டுவிட்டு ஊரைப் பாருங்கள்

ஈப்போவில் ரஜினி படத்தை முதல் நாளே பார்த்துப் பழகியவர்களுக்கு ஒரு கணக்கு உண்டு. நாயகன் முகம் தெரிய வேண்டும், தெரிவதற்கு முன்பே தியேட்டர் எழுந்து நிற்க வேண்டும். அதே கணக்கோடு மாட் ரீவ்ஸ் இயக்கிய 'தி பேட்மேன்' (2022) படத்தைப் பார்க்க உட்கார்ந்தவர்கள் பாதியிலேயே கொட்டாவி விட்டார்கள். "என்னா படம்லா இது, ஒரே இருட்டு, ஒரே மழை" என்பதுதான் நான் அதிகம் கேட்ட விமர்சனம். மூன்று மணி நேரத்துக்கு நாலே நிமிடம் குறைவான படம் என்பதால் கோபம் நியாயம்தான். ஆனால் அந்த இருட்டையும் மழையையும் பார்க்கத்தான் நாம் அங்கே போகிறோம்.

முதலில் சில்லறை ஏற்பாடுகள். கைப்பேசியில் பார்க்காதீர்கள். பகலில் சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டும் பார்க்காதீர்கள். தொலைக்காட்சியில் நிறத்தைப் பளிச்சென்று கூட்டிக் காட்டும் அமைப்பு இருந்தால் அதை அணைத்துவிடுங்கள். ஒளிப்பதிவாளர் கிரேக் ஃபிரேசர் டிஜிட்டலில் எடுத்த படத்தைப் பிலிம் சுருளுக்கு மாற்றி, அதை மறுபடி டிஜிட்டலுக்குக் கொண்டுவந்தார். கறுப்பு தட்டையாக இல்லாமல் உள்ளே அடுக்கடுக்காகத் தெரிய வேண்டும் என்பதற்காக இத்தனை பாடு. நாம் வரவேற்பறை விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் அவர் உழைப்பு அத்தனையும் வீண்.

இனி அறிமுகக் காட்சி. (கதை தெரியக் கூடாது என்பவர்கள் படத்தைப் பார்த்துவிட்டு இங்கே திரும்பலாம்.) வானத்தில் வௌவால் குறி ஒளிர்கிறது. ஊரெங்கும் திருடர்கள் இருண்ட மூலைகளைப் பார்த்து நடுங்குகிறார்கள். அந்த மூலைகளில் அவன் இல்லை. கடைசியில் ரயில் நிலையத்தில் முகச்சாயம் பூசிய கும்பலொன்று ஒருவரைச் சூழும்போது இருளிலிருந்து பூட்ஸ் சத்தம் மட்டும் வருகிறது, மெதுவாக. அடிதடி முடிந்ததும் காப்பாற்றப்பட்டவர் என்ன செய்கிறார் என்று கவனியுங்கள். கையெடுத்துக் கும்பிடவில்லை. தன்னையும் அடித்துவிட வேண்டாம் என்று கெஞ்சுகிறார்! கை தட்டக் காத்திருந்தவர்கள் சலித்துக்கொண்ட இடம் இதுதான். என்னைக் கேட்டால் முழுப் படத்துக்கும் திறவுகோல் இங்கேதான் இருக்கிறது. இவன் ஊருக்கு நல்லது செய்கிறானா, தன் ஆத்திரத்தைத் தீர்த்துக்கொள்கிறானா என்ற சந்தேகத்தைப் படம் கடைசிவரை விடுவதில்லை.

அதன்பிறகு வெளிச்சத்தைத் தொடருங்கள். ஒவ்வொரு காட்சியிலும் வெளிச்சம் எங்கிருந்து வருகிறது? தெருவிளக்கு, காரின் முன்விளக்கு, மழைநீர் வழியும் கண்ணாடிக்கு அப்பால் ஏதோ ஒரு விடுதியின் சிவப்பு. ஒரு நடைவழிச் சண்டை முழுவதும் துப்பாக்கி வெடிக்கும் மின்னலில் மட்டுமே தெரிகிறது. காதையும் தீட்டிக்கொள்ளுங்கள். மைக்கேல் ஜியாக்கினோ நான்கே சுரங்களை வைத்துக்கொண்டு படம் முழுக்க ஒப்பேற்றுகிறார், ஒருமுறை சாவு ஊர்வலம் மாதிரி, ஒருமுறை இடி மாதிரி.

பேட்மேன் 1939இல் முதன்முதலாக வந்தது துப்பறியும் கதைகளுக்கான காமிக்ஸ் இதழில். ரீவ்ஸ் அவனை அந்த வேலைக்கே திருப்பி அனுப்புகிறார். பேட்மேனாக வரும் ராபர்ட் பேட்டின்சன் பறப்பதைவிடக் குனிந்து தடயம் தேடுவதே அதிகம். தேடியும் கோட்டை விடுகிறான். வில்லன் ரிட்லர் நினைத்தது பெரும்பாலும் நடந்தேவிடுகிறது, கடல் சுவர் உடைந்து நகரம் மூழ்குகிறது. நாயகன் தோற்கலாமா என்பவர்களுக்கு நம் மொழியிலேயே பழைய பயிற்சி இருக்கிறது. வீணை எஸ். பாலசந்தர் 1954இல் இயக்கிய 'அந்த நாள்'. பாட்டு இல்லை, சண்டை இல்லை. சிவாஜி கணேசன் ஆரம்பத்திலேயே சுடப்பட்டுச் செத்துவிழுகிறார், போகப்போக அவர் தேசத்துரோகி என்று தெரிகிறது. ஒரே இரவில் இரண்டையும் பார்க்க வேண்டாம், தாங்காது. 'அந்த நாள்' முதலில்.

ஆனால் இருட்டு படத்தில் அழகுக்காக இருக்கிறதா, காரணத்தோடு இருக்கிறதா? நல்ல படத்தையும் பாவனையையும் பிரிப்பது இந்தக் கேள்விதான். மிஷ்கினின் 'முகமூடி' (2012) தமிழில் துணிந்த முயற்சி. இரவுகள் அழகு, ஜீவாவின் குங்ஃபூ அழகு. ஆனாலும் ஊரின் தீமை எல்லாம் ஒரு கொள்ளைக் கும்பலின் தலையில் போய் உட்கார்ந்துவிடுகிறது. கும்பல் ஒழிந்தால் ஊர் சுத்தம். 'தி பேட்மேன்' அப்படித் தப்ப விடுவதில்லை. முகமூடிக்குள் இருக்கும் புரூஸ் வெய்னின் அப்பா மேயர் தேர்தலில் நின்றபோது நகரப் புனரமைப்புக்கு நூறு கோடி டாலர் அறிவித்தார். அவர் செத்ததும் கேட்பாரற்ற அந்தப் பணத்தை ரவுடிகளும் அதிகாரிகளும் பங்கு போட்டார்கள். வெய்ன் குடும்பம் தானம் செய்த பழைய மாளிகை அனாதை விடுதியானது, அங்கே வளர்ந்தவன்தான் ரிட்லர். இவனும் அனாதை, அவனும் அனாதை. ஒருவனுக்குக் கோபுரம், ஒருவனுக்குக் குளிர்.

இந்த இடத்தில் ஈப்போ இருக்கும் பேராக் மாநிலத்துக்காரர்கள் மற்ற எவரையும்விட வசதியாக உட்கார்ந்திருக்கிறோம் என்பது என் கட்சி. பத்து காஜாவுக்குப் பக்கத்தில் கெல்லி காசல் இருக்கிறதே. ஸ்காட்லாந்திலிருந்து வந்து ரப்பரில் பணம் பார்த்த வில்லியம் கெல்லி ஸ்மித் 1915இல் எழுப்பத் தொடங்கிய மாளிகை, மதராஸிலிருந்து வந்த தொழிலாளர்கள் கட்டியது. 1926இல் லிஸ்பனில் அவர் இறந்தார், மாளிகை அரைகுறையாக நின்றது. கட்டட வேலையின்போது நோய் வந்து பலர் மடிய, அவர் மாரியம்மனுக்குக் கோயில் கட்டிக்கொடுத்தார். அதன் கூரையில் சாமிகளோடு கோட்டு போட்ட உருவம் ஒன்றும் நிற்கிறது, அது அந்தத் துரைதான் என்பார்கள். சுற்றுலாப் பயணிகள் அங்கே பேய் தேடுகிறார்கள். நான் கணக்குப் புத்தகம் தேடுவேன். மேட்டில் துரை பங்களா, கீழே தொழிலாளர்களின் லயம், நடுவில் கிராணியும் கங்காணியும் என்று வாழ்ந்த குடும்பங்களுக்கு, வெய்ன் மாளிகையின் செங்கல் யார் காசு என்ற கேள்வி தானாகவே எழும். படமும் அதையேதான் கேட்கிறது. துரையின் மகனே முகமூடி போட்டுக்கொண்டு லயத்தைக் காப்பாற்றக் கிளம்பினால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள், புரூஸ் வெய்னின் சங்கடம் புரிந்துவிடும்.

அதனால்தான் 'தி பேட்மேன்' பார்த்த வாரத்திலேயே சஞ்சய் குமார் பெருமாளின் 'ஜகாட்'டையும் (2015) பார்க்கச் சொல்கிறேன். முகமூடி கிடையாது, வல்லமை கிடையாது. தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பங்கள், 1990களின் தொடக்கம், பன்னிரண்டு வயது அப்போய். படி படி என்று அடிக்கும் அப்பாவுக்கும் ரவுடிச் சித்தப்பாவுக்கும் நடுவே அவன் தனக்கொரு நாயகனைத் தேடுகிறான். 2016 மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படம், சிறந்த இயக்குநர் விருதுகளைப் பெற்றது. பேட்மேனின் கோதம் நகரத்தில் கேமரா கோபுரத்துக்கும் சந்துக்கும் இடையே ஏறி இறங்குகிறது. இங்கே சந்தை விட்டு ஏறுவதேயில்லை. ரிட்லரின் சிறுவயதைத் தனிப் படமாக எடுத்தால் இப்படித்தான் இருக்கும் என்று எனக்குத் தோன்றியது. யாராவது மறுத்தால் சண்டை போடத் தயார்.

இன்னொன்று விட்டுப்போனது, 'கெலுவாங் மேன்'. 1998இல் மலேசியத் தொலைக்காட்சியில் கார்ட்டூனாக வந்து, 2025இல் நடிகர்களோடு திரைப்படமானது. மனநல மருத்துவமனை நோயாளி ஒருவன் இரவில் வௌவாலாக ஊர் காக்கக் கிளம்புவதுதான் கதை. யாரையாவது கேலி செய்ய, மனநல மருத்துவமனைக்குப் பேர்போன ஊரைச் சொல்லி "தஞ்சோங் ரம்புத்தான் போ" என்று வளர்ந்த நாம் சிரித்துக்கொண்டே பார்த்தோம். ராத்திரியில் முகமூடி மாட்டிக்கொண்டு ஊரைத் திருத்தக் கிளம்பும் ஒருவன் தெளிவான ஆளா என்ற கேள்வியை ஹாலிவுட் பல கோடி கொட்டிக் கேட்கிறது. நம் கார்ட்டூன் அதை முதல் அத்தியாயத்திலேயே கேட்டுவிட்டது.

இரண்டாவது முறை பார்க்கும்போது ஒரு வேலை செய்யுங்கள். ஆரம்பத்தில் பேட்மேன் தன்னைப் 'பழி' என்று அறிமுகம் செய்துகொள்கிறான் அல்லவா, அதே சொல் கடைசியில் யார் வாயிலிருந்து வருகிறது, அதைக் கேட்டதும் அவன் கை என்ன செய்கிறது என்று பாருங்கள். அதற்குப் பிறகுதான் அவன் தண்ணீரில் இறங்கிச் சிவப்புத் தீச்சுடரைப் பிடித்துக்கொண்டு மக்களுக்கு வழி காட்டுகிறான். அதுவரை ஓரிடத்திலாவது அவன் யாருக்கேனும் வெளிச்சம் பிடித்திருக்கிறானா என்று பின்னோக்கித் தேடிப் பாருங்கள்.