வில்லியனூர்த் தகவல் கிராமத் திட்டம்: பரவலாக்கமும் தனியுரிமையும் – ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

புதுச்சேரியின் கிராமப்புறத்தில் 1998இல் தொடங்கப்பெற்ற தகவல் கிராமத் திட்டம், கணினித் தொடர்பை ஊரார் கைக்குக் கொண்டுசென்ற முன்னோடி முயற்சியாகப் பாராட்டப்பெறுகிறது. அதனைத் தனியுரிமை என்னும் அளவுகோல் கொண்டு இக்கட்டுரை மதிப்பிடுகிறது. மையங்களைப் பலவாக்குவது மட்டுமே பயனரைக் காத்துவிடாது. கேட்டவர் யார் என்னும் பதிவு எவரிடம் தங்குகிறது என்பதே காப்பைத் தீர்மானிக்கிறது என்பது இதன் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: தகவல் கிராமம், வில்லியனூர், பரவலாக்கம், தனியுரிமை, ஒலிபெருக்கி.

முன்னுரை

புதுச்சேரிப் பகுதியின் கிராமப்புறம் வில்லியனூர், பாகூர், அரியாங்குப்பம், நெட்டப்பாக்கம், மண்ணாடிப்பட்டு என ஐந்து கொம்யூன் பஞ்சாயத்துகளாக அமைந்துள்ளது. இப்பரப்பில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், கனடாவின் பன்னாட்டு வளர்ச்சி ஆய்வு மையத்தின் நிதியுதவியுடன் தகவல் கிராமத் திட்டத்தை நடத்தியது. திட்டத்தில் பங்குகொண்ட சுப்பையா அருணாசலம், வி. பாலாஜி முதலியோரின் எழுத்துகள் ஊராரின் பங்கேற்பு, பெண் தன்னார்வலர்களின் உழைப்பு, உள்ளூர்த் தேவைக்கேற்ற செய்தி ஆகியவற்றை எடுத்துரைக்கின்றன. ‘யாருக்குத் தகவல் கிடைத்தது?’ என்பது அவ்வெழுத்துகளின் அடிப்படை வினா. ‘யார் எதைக் கேட்டார் என்பதை அறிந்தவர் யார்?’ என்னும் வினாவை அதனுடன் சேர்த்து எழுப்புவது இன்று இன்றியமையாததாகிறது.

திட்டத்தின் அமைப்பு

தொலைபேசி வழி இணையத்தொடர்பு வில்லியனூர் மையத்திற்குக் கிடைத்தது. அங்குத் திரட்டப்பட்ட செய்திகள் தமிழாக்கப்பட்டு, வானொலி அலைக் கருவிகளின் வழியே ஏம்பலம், கீழூர், வீராம்பட்டினம் முதலிய ஊர்களின் அறிவு மையங்களுக்கு அனுப்பப்பட்டன. மையத்திற்கான இடத்தை ஊராரே அளித்தனர். சாதி, பால் வேறுபாடின்றி அனைவரும் வந்துபோகத்தக்க இடமாக அது இருத்தல் வேண்டும் என்பது நிபந்தனை. ஏம்பலத்தில் கோயில் வளாகமே மையமாயிற்று.

இவ்வமைப்பை முழுமையான பரவலாக்கம் எனக் கூறுதல் பொருந்தாது. ஆரக்கால்கள் பலவாயினும் குடம் ஒன்றே. வில்லியனூர் நின்றால் பிற ஊர்களின் இணையத்தொடர்பும் நின்றுவிடும். எனினும், எந்தச் செய்தி தேவை என்று முடிவுசெய்வதில் ஊருக்குப் பங்கிருந்தது. ஆகவே, இங்குப் பரவலானது தொழில்நுட்பம் அன்று, தேர்வுரிமை என்பதே தகும்.

ஒலிபெருக்கியும் வினவலும்

வீராம்பட்டினத்தில் அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து பெற்ற அலை உயரச் செய்தி ஒலிபெருக்கியில் அறிவிக்கப்பட்டது. 2004 டிசம்பர் 26 அன்று, சிங்கப்பூரிலிருந்து தொலைபேசியில் வந்த எச்சரிக்கையை நல்லவாடு அறிவு மையத்தின் ஒலிபெருக்கி ஊர் முழுவதற்கும் பரப்பியது. 3,500க்கு மேற்பட்ட மக்கள் உயிர் தப்பினர். இந்நிகழ்வு பெரும்பாலும் தகவலின் விரைவுக்குச் சான்றாகக் காட்டப்பெறுகிறது. அதில் இன்னொரு பண்பும் உண்டு. ஒலிபெருக்கி, கேட்டவர் பெயரைக் குறித்துக்கொள்வதில்லை. அலை உயரத்தை அறிந்துகொள்ள மீனவர் தம் எண்ணையோ இருப்பிடத்தையோ எவருக்கும் அளிக்க வேண்டியிருக்கவில்லை.

தனிப்பட்ட வினவலின் நிலை வேறு. நோய், கடன், அரசு உதவித்தொகை பற்றி அறிய வருபவர், அதே ஊரைச் சேர்ந்த தன்னார்வலரிடம் வாய்திறந்து கேட்க வேண்டும். இங்கு மறைகாப்பு முழுவதும் ஒருவரது நாணயத்தைச் சார்ந்தது. சாதியும் உறவும் பின்னிய சிற்றூரில், அறிமுகமானவர் என்பது நம்பிக்கைக்கும் காரணமாகலாம், அச்சத்திற்கும் காரணமாகலாம்.

பட்டியலின் ஆற்றல்

கைப்பேசி இந்த இடைநிலையாளரை அகற்றியது, பதிவை அகற்றவில்லை. 2021 சட்டமன்றத் தேர்தலையொட்டி, புதுச்சேரி வாக்காளர்களைத் தத்தம் வாக்குச்சாவடிக்குரிய வாட்ஸ்அப் குழுவில் சேர அழைக்கும் குறுஞ்செய்திகள், ஆதாருடன் இணைத்த எண்களுக்கே வந்தன என்று சென்னை உயர்நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடரப்பட்டது. குற்றஞ்சாட்டப்பட்ட கட்சி அதனை மறுத்து, தொண்டர்கள் நேரில் திரட்டிய எண்கள் அவை என்றது. ஆதார் ஆணையம் விளக்கமளிக்க வேண்டும் என நீதிமன்றம் கருதியது.

எண்கள் எவ்வழியில் வந்திருப்பினும், ஒரு செய்தி தெளிவாகிறது. கைப்பேசி எண்ணும் வாக்குச்சாவடியும் ஒரே பட்டியலில் இணையும்போது, கொம்யூனின் ஒவ்வோர் ஊரும் பட்டியலை வைத்திருப்போர் கண்முன் தனித்தனியே விரிகிறது. தனியுரிமை அடிப்படை உரிமையென 2017இல் உச்சநீதிமன்றம் புட்டசாமி வழக்கில் உறுதிசெய்த பின்னரும் எழுந்த ஐயம் இது.

பரவலாக்க இணையத்திற்கு ஓர் அளவுகோல்

பெருநிறுவனங்களின் ஒற்றை மையத்திற்கு மாற்றாக, 2018இல் உலகளாவிய வலைக் கூட்டமைப்பு ஏற்ற ‘ஆக்டிவிட்டிபப்’ நெறிமுறை, பல சிறு வழங்கிகள் தம்முள் உரையாட வழிசெய்கிறது. மாஸ்டடான் அதன் அறியப்பட்ட பயன்பாடு. ஆயினும் அதில் இருவருக்கிடையே செல்லும் செய்தியை வழங்கியின் நிர்வாகி படிக்க இயலும். அவர் ஏம்பலத்துத் தன்னார்வலரின் இடத்தில் நிற்பவர். பதிவைச் சேமித்து வைக்கும் ஆற்றலும் உடையவர் என்பதே வேறுபாடு. முனைக்கு முனை மறையாக்கம் செய்தியின் உள்ளடக்கத்தைக் காக்கும். யார் யாருடன் எப்போது பேசினார் என்னும் தடத்தை முழுவதும் மறைத்துவிடாது.

முடிவுரை

வில்லியனூர்த் திட்டம் தனியுரிமையைக் குறிக்கோளாகக் கொண்டு வகுக்கப்பட்டதன்று. எனினும் அது இரண்டு பாடங்களைத் தருகிறது. பொதுச்செய்தியைப் பெறுவதற்கு அடையாளம் தேவையில்லை என்பதை ஒலிபெருக்கி காட்டியது. தனிச்செய்தியைக் காப்பதற்கு ஊரின் அணுக்கம் மட்டும் போதாது என்பதை அறிவு மையத்தின் மேசை காட்டியது. இன்று அலை உயரத்தையும் நெல் விலையையும் அறிவதற்கே அடையாளம் கேட்கும் செயலிகள் பெருகியுள்ளன. முன்பு இயல்பாக இருந்த காப்பும் இதனால் இழக்கப்படுகிறது. எனவே கிராமப்புறத்திற்கான பரவலாக்க இணையத்தை மதிப்பிடுவோர், வழங்கிகளின் எண்ணிக்கையை எண்ணுவதற்குமுன், கேட்பவரைப் பற்றிய பதிவு தேவைதானா என்பதை முதலில் வினவுதல் வேண்டும்.