பூட்டும் திறவுகோலும்

பெருமை பேசுவது எளிது. பெருமைக்குரியவரிடம் பாடம் கேட்பது அரிது. ஸைமன் ஸிங் எழுதி 1999இல் வெளிவந்த ‘தி கோட் புக்’ என்னும் ஆங்கில நூலைப் படித்து முடித்தபோது நமக்குத் தோன்றிய எண்ணம் இதுவே.

மறையெழுத்துக் கலையின் வரலாறாகிய இந்நூல், ஸ்காட்லாந்து அரசி மேரியின் வழக்கோடு தொடங்குகிறது. காவலில் இருந்த அவர், தம் மறையெழுத்தைப் பிறர் படிக்க இயலாது என நம்பி, 1586இல் எலிஸபெத் அரசிக்கு எதிரான சதியாளருக்கு மனந்திறந்து மடல் எழுதினார். அரசியின் ஆட்கள் அதனை அவிழ்த்துப் படித்தனர். 1587இல் மேரியின் தலை வீழ்ந்தது. வலுவற்ற பூட்டை நம்பியிருப்பது, பூட்டே இல்லாதிருப்பதைவிடக் கேடு என ஆசிரியர் இதனால் உணர்த்துகிறார். பூட்டுகிறவன் உடைக்கிறவனிடமே பாடம் கற்கிறான் என்னும் உண்மை நூல் முழுவதும் ஓடுகிறது.

உடைக்கும் அக்கலையைப் பற்றி இன்று நாம் அறிந்தவற்றுள் மிகப் பழைய நூலை எழுதியவர், 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அல்-கிந்தீ. ஒரு மொழியில் ஒவ்வோர் எழுத்தும் எத்தனை முறை வருகிறது என எண்ணுக; மறைமடலின் குறிகளையும் எண்ணுக; மிகுதியாய் வரும் குறியை மிகுதியாய் வரும் எழுத்தோடு பொருத்துக. இதுவே அவர் காட்டிய வழி. அரபியில் அலிஃபும் லாமும் முன்னிற்கும். திருக்குர்ஆனின் சொற்களையும் ஹதீஸ்களின் நடையையும் நுணுகி ஆய்ந்த கல்விச் சூழலில் இக்கலை முளைத்தது என்பதை ஆசிரியர் நேர்மையோடு எடுத்துரைக்கிறார்.

எனினும் ஒரு குறையுண்டு. அல்-கிந்தீ எண்ணிக்கையோடு நின்றவர் அல்லர். எவ்வெழுத்து எதனோடு சேரும், எதனோடு சேராது, மடல்கள் வழக்கமாக எச்சொற்களால் தொடங்கும் என்பவற்றையும் ஆராய்ந்தார், மறைமுறைகளை வகைப்படுத்தினார். ஆசிரியர் இவற்றை விரிக்காது, மேரியின் கதைக்குத் திரும்பிவிடுகிறார்.

ஆனால் அவரைக் குறைகூறும் நாம் என்ன செய்தோம்? மேடைதோறும் அல்-கிந்தீயின் பெயரை முழங்குகிறோம். அவர் எண்ணியவாறு ஒரு பக்கத்தையேனும் எண்ணிப் பார்த்தோமா? 1977இல் பிறந்த ஆர்.எஸ்.ஏ. போன்ற முறைகளை எழுத்தெண்ணி உடைக்க முடியாது என்பது மெய்யே. ஆயினும் பணமும் மடலும் கைப்பேசியிலேயே செல்லும் இந்நாளில், எப்பூட்டு எதனால் உறுதி எனக் கேட்கும் அறிவு வேண்டாமா?

இன்றிரவே வாப்பா தமிழில் ஒரு மறைமடல் எழுதட்டும். மகள் எண்ணி அவிழ்க்கட்டும். அல்-கிந்தீக்கு நாம் செலுத்தும் மரியாதை அங்கே தொடங்கும்.