ஓடும் ரயிலில் குதித்தால்: நிலைமம் பற்றிய பாட விளக்கம் – ஒரு மதிப்பீடு

ஓடும் ரயில் பெட்டிக்குள் மேலே குதிப்பவர் குதித்த இடத்திலேயே வந்து நிற்கிறார். "நிலைம விசை அவரை முன்னே தள்ளுகிறது" என்று மாணவர் பலர் விடை எழுதுவர். பெட்டிக்குள் உள்ள காற்று இழுத்துச் செல்வதாகச் சொல்வாரும் உண்டு. இரண்டும் தவறு. நிலைமம் விசையன்று, பொருளின் இயல்பு. காற்றும் காரணமன்று. 1640இல் பிரெஞ்சு அறிஞர் கசெந்தி, மார்செய் அருகே ஓடும் கப்பலின் பாய்மர உச்சியிலிருந்து கல்லை விழச் செய்து பார்த்தார். திறந்த வெளியிலும் கல் பாய்மரத்தின் அடியிலேயே விழுந்தது.

போடிநாயக்கனூருக்கு அகலப்பாதையில் 2023 ஜூனில் மீண்டும் ரயில் வந்தது. அது மணிக்கு 90 கி.மீ., அதாவது நொடிக்கு 25 மீட்டர் சீரான வேகத்தில் நேர்பாதையில் ஓடுவதாகக் கொள்வோம். 30 செ.மீ. உயரம் குதிப்பவர் ஏறத்தாழ அரை நொடி அந்தரத்தில் இருப்பார். அதற்குள் பெட்டி 12 மீட்டர் கடந்துவிடும், அவரும் கடந்திருப்பார். கால் எடுக்கும்போதே அத்திசைவேகம் அவரிடம் இருந்தது. அதை மாற்றக் கிடைமட்ட விசை ஏதுமில்லை. ஆகவே கிடைமட்ட உந்தமும் மாறவில்லை.

பத்தாம் வகுப்புப் பாடம் நிலைமத்தை ஓய்வு, இயக்கம், திசை என மூன்றாகப் பிரிக்கிறது. மனப்பாடத்துக்கு வசதிதான், புரிதலுக்கு இடையூறு. நிலைமம் ஒன்றே. 'திசைவேகம்' என்ற சொல்லிலேயே திசையும் இருக்கிறதே!

போடிமெட்டுச் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. ஏலத்தோட்டத்துக்கு ஆளேற்றிச் செல்லும் ஜீப் ஒன்று, 10 மீட்டர் ஆரமுள்ள வளைவில் மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் திரும்புகிறது. உள்ளே ஓர் ஏலக்காயை 30 செ.மீ. உயரம் தூக்கிப் போட்டால், அது கைக்குத் திரும்பாது. வளைவின் வெளிப்பக்கமாகச் சுமார் 40 செ.மீ. தள்ளி விழும். காய் நேரேதான் சென்றது, ஜீப்தான் திரும்பியது. 90 கி.மீ. வேகத்தில் நேராத விலகல் 20 கி.மீ. வேகத்தில் நேர்கிறது! வேகம் எவ்வளவு என்பதன்று, திசைவேகம் மாறுகிறதா என்பதே கேள்வி. இந்த ஒப்பீடு பாடத்தில் இருந்திருக்க வேண்டும்.

இன்னொரு குறை கவலைக்குரியது. ஓடும் வண்டியிலிருந்து இறங்குபவர் அதே திசையில் சிறிது ஓட வேண்டும் என்பதை நிலைமத்துக்கு உதாரணமாக வகுப்பில் சொல்வதுண்டு. இயற்பியல்படி சரியே. ஆனால் 60 கிலோ எடையுள்ளவர் அதே 20 கி.மீ. வேகத்தில் இறங்கினால், நொடிக்கு ஐந்தரை மீட்டர் ஓடியாக வேண்டும். தலையில் சுமையிருந்தால் உந்தம் இன்னும் கூடும். மலைச்சரிவில் ஓட இடமும் இராது. கால் நிற்க, உடல் முன்னே போய்விடும். இந்த உதாரணத்தைச் சொல்லும் ஆசிரியர் இக்கணக்கையும் கரும்பலகையில் போட்டுக் காட்ட வேண்டும்.